தமிழில் ஒரு கேள்வித்தாள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கார்டு டீச்சர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகள் வைத்த பெயர். பிறகு வாசல் காவலாளி முதல் தலைமையாசிரியை வரை எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வேறு நாடுகளிலிருந்து ஆங்கிலம் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகளுக்கு, வகுப்பில் நடக்கும் பாடத்தைப் படக் கார்டுகளாக மாற்றித் தருவது அவள் வேலை. செரிமானம் என்றால் பல், நாக்கு, உணவுக்குழாய், இரைப்பை எல்லாம் தனித்தனி அட்டையில் இருக்கும். மேலே படம், கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல். பிள்ளைகள் அட்டைகளை வரிசையாக அடுக்கி, தெரிந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த இடத்தைத்தான் அவளுக்கு அறையாக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். மணி அடித்தால் போதும், தலைக்கு மேல் முந்நூறு கால்கள் தடதடவென்று இறங்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

முணுமுணுக்காததற்குக் காரணம் இருந்தது. அவள் வருவதற்கு முன் அங்கே இருந்த வழக்கம் வேறு. ஆங்கிலம் தெரியாத பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தி, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த சிறப்பு அறைக்குத் தள்ளிவிடுவார்கள். பின்னக் கணக்கை மனத்திலேயே போடக்கூடிய ஒரு பிள்ளை, அங்கே நாள் முழுக்க வாத்துக்கு மஞ்சள் நிறம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் முதல் வாரமே பார்த்தாள். ஆசிரியர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எழுந்து நின்று சண்டை போட்டாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். "பாஷை தெரியலன்னா அது குறை இல்ல. இனிமே என் பிள்ளைங்க யாரும் அந்த ரூமுக்குப் போகாது" என்று சொல்லி, சொன்னபடி நடத்தியும் காட்டினாள். பாதிப் பேருக்கு அவள்மேல் மரியாதை, மீதிப் பேருக்குப் பயம். அவளுக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாயாடி வந்தாள். அவளுடைய அம்மா வைத்த செல்லப் பெயர் அது. அப்பாவுக்குத் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் பின்கட்டில், சலவைப் பகுதியில் சேர்ந்திருந்தாள். பெண்ணை ஐந்தாம் வகுப்பில் சேர்க்க வந்தவள், எதிரில் உட்கார்ந்திருந்த கார்டு டீச்சர் தமிழில் பேசியதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பாடா, தமிழா? காலையிலேர்ந்து தலையத் தலைய ஆட்டி எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு டீச்சர்."

பேச்சு முடியும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "ஊர்ல இவளோட மிஸ் ஒண்ணு சொன்னாங்க டீச்சர். இவளுக்கு எழுத்து மட்டும் தங்க மாட்டேங்குது, யார்கிட்டயாவது காட்டுங்கன்னாங்க. அதுக்குள்ள நாங்க கிளம்பி வந்துட்டோம்."

டீச்சர் வாயாடியைப் பார்த்தாள். அதற்குள் அவள் மேசைமேல் இருந்த கார்டுகளை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு பிஸ்கட் வயிற்றுக்குள் போகிற கதையைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பல்லெல்லாம் காவல் நிற்கிறதாம். நாக்கு, "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக் குழிக்குள் தள்ளிவிடுகிறதாம். இந்தப் பிள்ளைக்கா குறை?

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எவ்வளவு அழகாப் பேசுது பாருங்க. மூளை பளிச்சுன்னு இருக்கு. பாஷை பிடிபட்டா எழுத்தும் தானா வந்துடும். நீங்க கவலைப்படாதீங்க."

அம்மா கும்பிடாத குறையாக எழுந்து போனாள்.

வாயாடிக்குக் காது அபாரம். மூன்று மாதத்தில் விளையாட்டுத் திடல் ஆங்கிலம் வந்துவிட்டது. ஆறு மாதத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது. யாராவது ஒருமுறை வாசித்துக் கேட்டால் போதும், பாடத்தைப் பிசகில்லாமல் திருப்பிச் சொல்வாள். கார்டில் இருக்கிற சொல்லைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சு வார்த்தாற்போல் எழுதுவாள். வாசிக்கிற வேளை வந்தால் மட்டும் அவளுக்குத் தாகம் எடுக்கும், அல்லது பென்சில் முனை ஒடியும். அதுவும் இல்லையென்றால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "டீச்சர், நீங்க ஒரு தடவ வாசிங்களேன். உங்க குரல்ல கேட்டா எனக்கு நல்லாப் புரியுது" என்பாள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். வெளியிலிருந்து யார் பார்வையிட வந்தாலும், மாடிப்படிக்குக் கீழே கூட்டிவந்து வாயாடியைத்தான் முன்னால் நிறுத்துவாள். "வந்தப்ப ஒரு வார்த்தை தெரியாது, இப்பப் பேசச் சொல்லிக் கேளுங்க" என்று பெருமை பேசுவாள். வாயாடியும் வந்தவர்களைச் சிரிக்க வைக்காமல் அனுப்ப மாட்டாள்.

சிறப்பு அறைக்கு அப்போது புது ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். பிள்ளைகள் நெட்டையார் என்று பெயர் வைத்திருந்தார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாதவர். வாத்துப் படங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கார்டு டீச்சர் அதைப் பார்க்கப் போகவில்லை. அவளுக்கு அந்த அறை என்றால் பழைய அறைதான்.

ஒருநாள் ஆசிரியர்கள் அறையில் நெட்டையார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். "உங்க வாயாடி இருக்காளே, நல்ல பொண்ணு. மாடிப்படி வழியா வர்றப்ப பாத்தேன், அவ வாசிக்கிறப்ப வரியப் பாக்கிறதே இல்ல, உங்க முகத்தத்தான் பாக்கிறா. ஒரு தடவ நான் அவளோட உக்காந்து பாக்கட்டுமா?"

"உங்க ரூமுக்கு அனுப்ப என்கிட்ட பிள்ளைங்க இல்ல சார்" என்றாள் டீச்சர். சொன்ன குரலில், எதிர் மேசையில் இருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நெட்டையார் தம்முடைய கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாயாடி ஆறாம் வகுப்புக்கு வந்தபோது டீச்சர் இன்னொரு சண்டையைத் தொடங்கினாள். புதிதாக வந்த பிள்ளைகள் அறிவியல் பரீட்சையைத் தங்கள் தாய்மொழியிலேயே எழுத விட வேண்டும் என்று கேட்டாள். "அந்தப் பரீட்சைல நாம பாக்கறது அறிவியலயா, இங்கிலீஷையா?" என்ற ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, தலைமையாசிரியையைப் படாத பாடு படுத்தினாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார். முதலில் ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம், சரியாக வந்தால் மற்ற மொழிப் பிள்ளைகளுக்கும் செய்வோம் என்றார். அந்த ஒரு பிள்ளை யார் என்பதில் டீச்சருக்கு யோசனையே வரவில்லை. தானே உட்கார்ந்து கேள்விகளைத் தமிழில் அடித்தாள். சிறுகுடல், பெருங்குடல் என்று ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தாள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தமிழில் வரும் முதல் தாள் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

விஷயத்தைச் சொன்னபோது வாயாடி துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ கார்டுகளை அடுக்குகிற கையை நிறுத்திவிட்டு, "எதுக்கு டீச்சர்? எனக்கு இங்கிலீஷே போதும்" என்றாள்.

பிள்ளைக்கு எவ்வளவு ரோஷம் பார் என்று டீச்சர் பூரித்துப் போனாள்.

பரீட்சை அன்று காலை வாயாடிக்கு வயிற்றுவலி. வாசல்வரை அம்மாவே கொண்டுவந்து விட்டுப் போனாள். ஜன்னலோரத்து மேசையில் உட்கார்த்தி, தாளை அவள் முன்னால் வைத்துவிட்டு, டீச்சர் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். வாயாடி குனிந்து எழுதத் தொடங்கினாள். பென்சில் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் மெல்ல நடந்துபோய் எட்டிப் பார்த்தாள். விடைக்கு விட்டிருந்த இடத்தில் முதல் கேள்வியே மறுபடி எழுதப்பட்டிருந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை. அதற்குக் கீழே இரண்டாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

"கேள்விய எழுத வேணாம் கண்ணா. பதில எழுது" என்று காதருகில் சொன்னாள்.

வாயாடி நிமிரவில்லை. "இங்கிலீஷ்லயே குடுங்க டீச்சர்."

"ஏம்மா? இது நம்ம தமிழ்தானே?"

டீச்சர் முதல் கேள்வியின் முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தாள். 'உணவு' என்ற சொல். "இத வாசி."

வாயாடி தாளைப் பார்க்கவில்லை, டீச்சரின் உதட்டைப் பார்த்தாள். உதடு அசையவில்லை என்றதும் மேசையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "உப்பு?" என்றாள். பிறகு, "இல்ல, உடம்பு." டீச்சர் விரலை எடுக்காமல் நின்றாள். வாயாடி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, எப்போதும் சொல்கிற அதே குரலில், அதே சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்:

"டீச்சர், நீங்க ஒரு தடவ வாசிங்களேன்."

ஒன்றரை வருஷமாகக் கேட்டு மகிழ்ந்த வாக்கியம் அது. அன்றைக்குத்தான் அது டீச்சரின் காதில் விழுந்தது. ஆங்கிலத் தாளென்றால் பாஷை தெரியவில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம், தமிழில் அந்தச் சாக்கு இல்லை. அவள் கேள்வியை வாசித்தாள். வாயாடி மடமடவென்று விடை சொன்னாள். அடுத்ததை வாசித்தாள், அதற்கும் சொன்னாள். எல்லாமே சரி. ஆனால் அவள் வாயால் சொன்னதை வேறொருவர் தாளில் எழுத விதியில் இடமில்லை.

தாள் தலைமையாசிரியையிடம் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாய்மொழிப் பரீட்சையால் ஒரு பயனும் இல்லை என்று எழுதி மூடி வைத்தார். அதற்காகக் காத்திருந்த வேறு இரண்டு பிள்ளைகள் பழையபடி ஆங்கிலத்திலேயே எழுதித் தோற்றார்கள். டீச்சர் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். இந்தத் தடவை அவள் குரலில் பழைய காரம் இல்லை, எடுபடவும் இல்லை.

பரீட்சை நடந்த அன்று சாயங்காலமே தாழ்வாரத்தின் கோடிவரை அவள் நடந்து போனாள். நெட்டையார் தரையில் சிதறிக் கிடந்த மர எழுத்துகளைக் கால்களை மடக்கி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றார். "உங்களுக்குப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாத்துக்கு வண்ணம் அடித்த பிள்ளைகளுக்காக வளர்த்துக்கொண்ட கோபம், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டுமோ அந்தப் பிள்ளைக்கே குறுக்குச் சுவராக நின்றிருக்கிறது.

நெட்டையார் வாயாடியோடு பல நாள் உட்கார்ந்து பார்த்தார். தமிழ் எழுத்துகளுக்கு டீச்சரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டார். கண்ணில் குறையில்லை, அறிவில் குறையில்லை. எழுத்தும் ஒலியும் மட்டும் அவளுக்குள் ஒட்டவில்லை, எந்த மொழியானாலும். இதற்கென்று பயிற்சி இருக்கிறது என்றார். ஒன்றரை வருஷம் முன்னால் தொடங்கியிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து, "இப்பவும் வரும், ஆனா மெதுவா வரும்" என்று மாற்றிக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. சலவைப் பகுதிக்கே போனாள். ஈர ஆவியும் சூடான துணியின் வாடையும் முகத்தில் அடித்தன. பெரிய இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து மடிக்க வேண்டும். கூட மடிக்கிறவள் சாப்பிடப் போயிருந்தாள்.

"நின்னு பேச முடியாது டீச்சர், வந்துக்கிட்டே இருக்கும்" என்றாள் அம்மா. டீச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்த்தார்கள், மறுபடி விலகினார்கள். அந்த நடைக்கு நடுவிலேயே டீச்சர் சொல்லி முடித்தாள்.

அம்மா மடித்த விரிப்பை அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு, "அப்போ அது சோம்பேறித்தனம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"நீங்கதான சொன்னீங்க, ஒண்ணுமில்ல, தானா வரும்னு. வரவே இல்ல. படிச்சவங்க சொல்லிட்டாங்க, குறை ஒண்ணும் இல்லன்னு. அப்போ இவதான் மனசு வைக்கலன்னு நெனச்சிட்டேன்." அடுத்த விரிப்பு வந்தது. இருவரும் எடுத்தார்கள். "அடிச்சிருக்கேன் டீச்சர். புஸ்தகத்தத் தொறந்து வெச்சிக்கிட்டு, வாசிடின்னு. ஸ்கேல் உடையற வரைக்கும். அழ மாட்டா. அதப் பாத்தா எனக்கு இன்னும் வெறி ஏறும்."

டீச்சர் எதிரே நடந்துவந்து முனையைக் கொடுத்தபோது அம்மாவின் விரல்கள் அவள் விரல்களில் பட்டன. சுடச்சுட இருந்தன.

"உங்கள ஒண்ணும் சொல்லல" என்றாள் அம்மா. "நல்ல மனசோடதான சொன்னீங்க."

திட்டியிருக்கலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது. வீடு வரும்வரை அதுவேதான் தோன்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாடிப்படிக்குக் கீழே வாயாடியை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டாள். பெரியவர்கள் சிறுபிள்ளையிடம் கேட்கிற பாவனையில் இல்லை, உள்ளபடியே கேட்டாள். வாயாடி மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"பரவால்ல டீச்சர். உங்களுக்குத் தெரியாதுல்ல."

"நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணா?"

வாயாடி யோசித்தாள். "நீங்க எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி நல்லா நல்லா சொல்லிட்டு இருந்தீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வாயாடி தினமும் காலையில் நெட்டையாரின் அறைக்குப் போனாள். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியை வாய்விட்டுச் சொல்லி, மறுபடி தடவ வேண்டும். தமிழ் எழுத்துகளை வெட்டிக் கொடுத்தது கார்டு டீச்சர்தான். வெட்டி முடித்ததும் கதவருகில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் வாயாடி வணக்கம் சொல்வாள், சிரிப்பாள், நிற்க மாட்டாள். வருஷம் முடியப் பயிற்சிக்குக் கிடைத்தது கொஞ்ச மாதங்கள்தான். ஏழாம் வகுப்புக்கு அவள் வேறு பெரிய பள்ளிக்குப் போக வேண்டும்.

அந்தப் பெரிய பள்ளியில் வாயாடிக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. "நீங்க வந்து அவங்க பேசறத எனக்குத் தமிழ்ல சொல்றீங்களா டீச்சர்?" என்று அம்மா கேட்டபோது, டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது. அரை நாள் விடுப்பு எடுத்தாள். என்னென்ன கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். பரீட்சையில் கேள்விகளை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும், வகுப்பில் எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது.

அறைக் கதவு திறந்து அந்தப் பள்ளியின் ஆசிரியை அவர்களை உள்ளே கூப்பிட்டார். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாயாடி திரும்பினாள்.

"நீங்க இங்க இருங்க டீச்சர். அம்மாவுக்கு நானே சொல்றேன்."

அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "போங்க, போங்க. அவளே நல்லாச் சொல்லுவா" என்றாள் டீச்சர், சிரித்துக்கொண்டே. கதவு மூடிக்கொண்டது.

தாழ்வாரத்து பெஞ்சிலிருந்து பார்த்தால் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. வாயாடி கைகளை ஆட்டி ஆங்கிலத்தில் பேசினாள், அம்மா பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். ஆசிரியை ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அம்மாவின் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார். வாயாடி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை வைத்து, மூக்கு தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். விரல் நகரவே இல்லை என்று நினைக்கும்படி அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. அம்மா பொறுக்க மாட்டாமல் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் பாதி எழுந்துவிட்டாள். உள்ளே அந்த ஆசிரியை கைகளைக் கோத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர் போல் காத்திருந்தார். அப்படி ஒருநாளாவது தான் காத்திருந்ததுண்டா என்று யோசித்தபடி டீச்சர் மறுபடி உட்கார்ந்தாள். விரல் இரண்டாவது வரிக்கு இறங்கியது.

எல்லாம் முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது, "பாவம், உங்கள ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டோம்" என்றாள் அம்மா.

"எனக்கு என்னம்மா அவசரம்."

மூவரும் சாலைவரை நடந்தார்கள். கேட்டீர்களா, ஒத்துக்கொண்டார்களா, கூடுதல் நேரம் எவ்வளவு என்றெல்லாம் டீச்சருக்குத் தொண்டைவரை வந்தது. வாயாடி இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மாவும் பெண்ணும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். ஏறிய பிறகு அம்மா ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. டீச்சர் தலையை ஆட்டினாள். அவள் போக வேண்டிய பஸ் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். சாலையைக் கடக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.